மேட்டின் மேல் பழி போடலாமா?

1999 ஜூன் மாத நடுப்பகுதி. இங்கிலாந்தில் உலகக் கிண்ணக் கிரிக்கெற் நடந்துகொண்டிருந்தமையால் எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வேறெதற்கும் இடமிருக்கவில்லை. எனினும், பிரான்ஸிலிருந்து வந்த படமொன்றை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளி நிறப் பந்தயக் காரொன்று, அடிவயிற்றைக் காட்டியபடி மரங்களின் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. சாரதி உயிர் தப்பினார் என்று மூன்று வரி எழுதிப் பிரசுரித்தோம். அந்த மூன்று வரியில் விடுபட்டவை ஏராளம்.

லு மான் 24 மணி நேர ஓட்டத்தின் பெரும்பகுதி, வருடத்தின் ஏனைய நாட்களில் லொறிகளும் ஓடும் பொது வீதியிலேயே நடைபெறுகிறது. வீதி என்றால் மேடு பள்ளம் இருக்கும். முன்னூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு மேட்டின் உச்சியைக் கடக்கும்போது காரின் பாரம் சக்கரங்களிலிருந்து குறைகிறது. மூக்கு சற்றே உயர்கிறது. அந்த இடைவெளியில் காற்று நுழைகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியை வாசகர்களே ஊகிக்கலாம்.

மெர்சிடிஸ் நிறுவனத்தின் அந்த சீ.எல்.ஆர் கார் ஏறத்தாழ 4.9 மீற்றர் நீளமானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரமோ 2.67 மீற்றர் மாத்திரமே. நீண்ட பலகையொன்றை அருகருகே வைத்த இரு செங்கற்களின் மேல் வைத்துப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒரு விரலால் தூக்கிவிடலாம்.

ஸ்பிரிங்கை இறுக்கினால் கார் நிலையாக நிற்கும் என்ற எண்ணம் நம்மிடையேயும் பரவலாக உண்டு. காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்டும் இளைஞர்களிடம் கேட்டால் அதையே சொல்வார்கள். சமதரையில் அது ஓரளவு உண்மை. கரடுமுரடான வீதியில் சக்கரம் தரையை விடாமல் பின்தொடர வேண்டும். அதற்கு இளகிய ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் நல்ல அதிர்வுதாங்கியும் தேவை. லோட்டஸ் கார்களை உருவாக்கிய கொலின் சப்மன் இதை நன்கு அறிந்திருந்தார். ஆனால் காற்றின் அழுத்தத்தை நம்பி ஓடும் பந்தயக் காருக்கு இளக்கமும் ஆபத்தே. தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரம் மாறினால் அந்த அழுத்தமும் மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே வழி தேடுவதே பொறியியலாளரின் தலையிடி.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1998 இல் அமெரிக்காவின் ரோட் அட்லாண்டாவில், மேடொன்றில் யானிக் டல்மாஸின் போர்ஷே பின்புறமாகக் கவிழ்ந்தது. 1999 இல் லு மானில் வியாழக்கிழமை மார்க் வெப்பரின் மெர்சிடிஸ் பறந்தது. தொலைக்காட்சிக் கமரா எதிலும் அது பதியவில்லை. சனிக்கிழமை காலை அதே வெப்பர் மீண்டும் பறந்தார். இம்முறை உலகமே பார்த்தது. படம் இல்லாத சாட்சிக்கு மதிப்புக் குறைவு என்பதை நாற்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் நானும் கண்டிருக்கிறேன்.

வெப்பரின் கார் விலக்கிக்கொள்ளப்பட்டது. மற்ற இரண்டும் ஓடின! மூக்கில் சிறு தகடுகள் பொருத்தப்பட்டன; மேடுகளில் முன்னால் செல்லும் காரை நெருங்க வேண்டாம் என்று சாரதிகளுக்குச் சொல்லப்பட்டது. நெருங்கினால் மூக்கை அழுத்தும் காற்று குறையும் என்பது சரியே. ஆனால் பந்தய ஓட்டுநரிடம் நெருங்காதே என்பது என்ன பரிகாரம்? அன்றிரவே பீற்றர் டம்பிறெக்கின் கார், ரொயோட்டா ஒன்றைத் துரத்திச் செல்கையில் வேலியைத் தாண்டி விழுந்தது. 1955 இல் இதே ஓட்டத்தில் தன் கார் பார்வையாளர் கூட்டத்துள் சிதறி எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறக்கவியலாத நிறுவனம், சனிக்கிழமை காலையிலேயே மூன்று கார்களையும் மூட்டை கட்டியிருக்க வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். டம்பிறெக் மரங்களிடையே விழுந்து பிழைத்தது அதிர்ஷ்டம்.

தவறு மெர்சிடிஸுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1999 லு மானில் வென்ற அதே பீ.எம்.டபிள்யூ ரகக் காரொன்று 2000 இல் ரோட் அட்லாண்டாவில் அவ்வாறே கவிழ்ந்தது. வீதியைச் செப்பனிட்டு மேட்டைத் தாழ்த்தலாம். எல்லா மேட்டையும் தாழ்த்த முடியாது. மாறவேண்டியது காரே. ஆனால் லு மானின் முதல்தர வகுப்புக் கார்களில் முதுகுத் துடுப்பு 2011 இலும், சக்கரங்களின் மேல் காற்றை வெளியேற்றும் துளைகள் 2012 இலுமே கட்டாயமாயின.

2014 இல் வெப்பர் அதே வீதிக்குத் திரும்பினார். அவர் ஓட்டிய போர்ஷேயின் சக்கரங்களின் மேல் அந்தத் துளைகள் இருந்தன.