சாராம்சம்: ஓர் இந்திப் படமும் எங்க அப்புச்சியும்



மலருக்கு இந்திப் படம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அறை நண்பன் சிரித்தான். "உனக்கு இந்தி தெரியுமாடா?" எனக்குத் தெரியாது. எங்க மாமனுக்குத் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பத்து வருஷமாகப் போர் போடப் போகிறவர். நம்ம பக்கத்தில் பல பேர் இந்தி கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, போர்வெல் லாரியில்தான்! போன ஆடி நோம்பிக்கு அவர் ஊருக்கு வந்திருந்தார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அப்புச்சியும் நானும் பார்த்த படம்தான் 'சாரான்ஷ்'. 1984-இல் மகேஷ் பட் இயக்கியது. பரீட்சையில் 'சாராம்சம்' என்று எழுதுகிறோமே, அதே சொல்தான்.

கதை இதுதான். பம்பாயில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் பிரதான். மனைவி பார்வதி. அமெரிக்கா போன ஒரே மகன் அங்கே வழிப்பறிக் கொள்ளையரால் கொல்லப்படுகிறான். மகனின் சாம்பலை வாங்க சுங்க அலுவலகத்துக்குப் போகிறார் கிழவர். அங்கே அதற்கும் படிவம், அதற்கும் காத்திருப்பு, அதற்கும் லஞ்சம். டி.வி. பெட்டியும் மகனின் சாம்பலும் அவர்களுக்கு ஒன்றுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனிதர் அங்கேயே வெடித்துவிடுகிறார்.

அந்த இடத்தில் மாமன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அப்புச்சியும் "என்ன சொல்றான்?" என்று கேட்கவில்லை. வருஷத்தில் பத்து மாதம் வெளியூரில் இருக்கிற மகனும், வாசல் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் வருமா என்று பார்க்கிற அப்பனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவராக நடித்த அனுபம் கேருக்கு அப்போது வயது 28 என்றால் நம்புவீர்களா? நம்ம சீனியர்கள் வயசு! அந்த வேடத்துக்கு சஞ்சீவ் குமாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, ஊரை விட்டே போய்விடுவதென்று மூட்டை கட்டியவர், போகும் முன் இயக்குநரிடம் நேரில் போய்ச் சண்டை போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வேடம் அவருக்கே வந்தது. அந்த இளவயசுக் கோபம்தான் சுங்க அலுவலகக் காட்சியில் கிழவரின் கோபமாக வருகிறதோ என்று எனக்குத் தோன்றும்.

"வயசானவங்க படம், போர்டா" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். படம் மெதுவாகத்தான் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் துடிப்பானவர் யார்? அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் நடிகை சுஜாதா கர்ப்பமாகிறாள். காதலன் விலாஸோ அரசியல்வாதி அப்பனுக்குப் பயந்து நடுங்குகிறான். ரவுடிகள் மிரட்ட மிரட்ட, அந்தப் பெண்ணுக்காக எதிர்த்து நிற்பவர் கிழவர்! போலீஸ் உதவாதபோது, தன் பழைய மாணவரான முதலமைச்சர் வரைக்கும் போகிறார். இளைஞனிடம் இருக்க வேண்டியது கிழவரிடம் இருக்கிறது. விலாஸ் பாத்திரத்துக்கு இயக்குநர் இன்னும் கொஞ்சம் முதுகெலும்பு கொடுத்திருக்கலாம் என்பது என் குறை.

தமிழிலும் முதுமையைப் பேசிய நல்ல படம் உண்டு. பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989). மனைவியை இழந்து, சென்னையில் தம்பி மகன் வீட்டுக்கு வரும் பெரியவராக சொக்கலிங்க பாகவதர் வாழ்ந்திருப்பார். அங்கே இளையவர்களிடம் இடம் தேடி வருகிறார் முதியவர். இங்கே முதியவரிடம் இடம் தேடி வருகிறார்கள் இளையவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு வாழ்க்கை.

'சாரான்ஷ்' படத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது முடிவுதான். இறந்த மகனே சுஜாதா வயிற்றில் பிறக்கப் போகிறான் என்று பார்வதி நம்புகிறாள். அந்த நம்பிக்கை இளையவர்களைக் கட்டிப்போடும் கயிறாகிவிடும் என்று பிரதானுக்குப் புரிகிறது. இருவரையும் "கிளம்புங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். மனைவி முகத்துச் சுருக்கங்களில் தன் வாழ்வின் சாரத்தைக் கண்டுகொண்டு, மறுபடி வாழத் தொடங்குகிறார்.

படம் முடிந்ததும் அப்புச்சி சொன்னது இதுதான்: "பெரியவரு பண்ணுனதுதாஞ் சரி கண்ணு. போற வயசுல போவோணும். போன எடத்துல இருந்து ரெண்டு வார்த்தை பேசோணும். அவ்ளோதான்."

அது எனக்குச் சொன்னதா, மாமனுக்குச் சொன்னதா தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. ஹாஸ்டலில் இருக்கும்போது அவர் போன் செய்தால், "பரீட்சை இருக்குதுங்க அப்புச்சி" என்று எத்தனை முறை வைத்திருக்கிறேன்! அத்தனை நாளும் பரீட்சையா இருந்தது?

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப்பேர் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று போய்விடுவோம். போகத்தான் வேண்டும். கிழங்குக் காட்டையும் தறியையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இரு என்று பெரியவர்கள் நம்மைப் பிடித்து வைக்கவில்லை. அவர்கள் விடை கொடுப்பது பெருந்தன்மை. அதை நமக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரமாக நினைத்து மறந்துவிடுவதுதான் தப்பு.

அவர்களை 'பெருசு' என்று கிண்டல் செய்யும் முன் இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இந்தி தெரியாவிட்டால் என்ன, எங்க மாமன் மாதிரி ஒருத்தர் உங்க ஊரிலும் இருப்பார்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை