ஊட்டிக்கு கார் எதுக்குங்க?

மக்களே, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாடகை கார் பிடிச்சு ஊட்டி போறது நம்ம பசங்க வழக்கம். வேஸ்ட்! மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறுங்க. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸில் போனா அந்தத் தொல்லையே இல்லை.

2025 சீசனில் வார நாளுக்கு 6000, வார இறுதிக்கு 8000 வண்டிதான்னு உயர்நீதிமன்றம் வரம்பு வெச்சது. அவ்வளவு விட்டாலே மலைப்பாதை என்ன ஆகும்? அந்த நெரிசலில் ஆஸ்பத்திரிக்குப் போற ஊர்க்காரங்களும்தான் மாட்டுறாங்க.

மலை ரயில் ஆசையா? முழுசா 46 கிலோமீட்டருக்கு டிக்கெட் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. குன்னூரில் இறங்கி அங்கேருந்து ஏறுங்க. (பல்சக்கரப் பாதை கல்லாறு-குன்னூர் நடுவில்தான், அது மட்டும் மிஸ் ஆகும்.)

மே மாசம் அறை வாடகை எகிறும். பொங்கல் லீவு முடிஞ்ச ஜனவரிக்குத்தான் என் ஓட்டு, ஸ்வெட்டரோட! எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துக்குங்க, அங்கே பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை.