டிப்ஸ் கணக்கிடும் செயலியும் ஹட் பே மாணவரும்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். கிளைகளுள் ஒன்று லிட்டில் அந்தமானுக்குச் செல்கிறது. அதுவரை செயற்கைக்கோள்வழிக் குறுகிய இணைப்பை நம்பியிருந்த அத்தீவின் ஹட் பே மாணவர் ஒருவர், செல்பேசிச் செயலி உருவாக்கக் கற்பிக்கும் தொடக்கநிலை இணையப் படிப்பில் இன்று கட்டணமின்றிச் சேரலாம். அப்படிப்பு யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதைக் கல்வியுலகம் இன்னும் போதுமான அளவு விவாதிக்கவில்லை.

கூகுள் வழங்கும் ஆண்ட்ராய்டு தொடக்கநிலைப் படிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் கற்பவர் உருவாக்கும் முதல் செயலிகளுள் ஒன்று, உணவகக் கட்டணத்தின்மேல் விழுக்காட்டு அளவில் பரிமாறியவருக்கு டிப்ஸ் கணக்கிடுவது. அமெரிக்க மாணவருக்கு இது அன்றாடப் பழக்கம். ஹட் பே கடைத்தெருவில் தேநீர் குடித்துச் சில்லறை வைத்துவிட்டு எழுபவருக்கு அவ்வழக்கத்தையே முதலில் விளக்க வேண்டும். தெரிந்த எடுத்துக்காட்டின் துணையால் தெரியாத கருத்தைப் புரியவைப்பதே கற்பித்தலின் அடிப்படை. எடுத்துக்காட்டும் அயலாக இருந்தால், மாணவர் நிரலைப் பார்த்துப் படியெடுப்பார், சான்றிதழும் பெறுவார், தமக்கென ஒரு செயலியைத் தொடங்கும்போது தடுமாறுவார்.

மென்பொருள் உலகின் மொழி ஆங்கிலம், தமிழில் கற்பது பயனற்றது என்பது வழக்கமான மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. ஆயினும் நிரல்மொழியின் சொற்களும் அவற்றை விளக்கும் மொழியும் வெவ்வேறு. ஆண்ட்ராய்டுக்குப் பயன்படும் கோட்லின் நிரல்மொழியில் (அதுவும் பின்லாந்து வளைகுடாவிலுள்ள ஒரு தீவின் பெயரே) விலக்கிவைக்கப்பட்ட சிறப்புச் சொற்கள் ஏறத்தாழ முப்பதுதான். அங்கே ‘ஃபன்’ என்பது வேடிக்கையைக் குறிப்பதில்லை. ‘ஃபங்ஷன்’ என்பதன் சுருக்கம். ஆங்கிலம் அறிந்தவரும் இதைப் புதிதாகவே கற்க வேண்டும். முப்பது சொற்களை எவரும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மாறி எதற்கு, நிபந்தனை எப்போது பொய்யாகும், பிழைச்செய்தி என்ன சொல்கிறது என்பவற்றை விளக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களே தடை. அவை தாய்மொழியில் அமைவதால் வேலைவாய்ப்பு எவ்விதத்திலும் குறையாது.

மொழியைப் புறக்கணிக்கும் பாடம் தொழில்நுட்ப அளவிலும் குறையுடையது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கோட்லினிடம் கேட்டால் 5 என்ற விடை வரும். கண்ணுக்குத் தெரிவன மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு, ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு, ‘த’ ஒன்று. இதை அறியாதவர் எழுதும் செயலி, நீண்ட பெயரொன்றை நடுவில் வெட்டும்போது புள்ளியையோ உயிர்க்குறியையோ இழந்த எழுத்தைத் திரையில் காட்டும். ஆங்கில எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடும் பாடத்தில் இச்சிக்கல் எழுவதே இல்லை.

ஹட் பே இத்தகைய கல்விக்கு ஏற்ற இடம். ஒங்கே மக்களின் தாய்நிலமான அத்தீவில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களும் நிக்கோபாரியரும் தமிழரும் தெலுங்கரும் பின்னர்க் குடியேறினர். ஆண்ட்ராய்டில் திரைச்சொற்களை நிரலிலிருந்து பிரித்து, மொழிக்கொரு கோப்புறையில் வைக்கும் வசதி உண்டு. பல மொழிகள் புழங்கும் ஊரில் அது முதல் வாரப் பாடமாக வேண்டும். டிப்ஸுக்கு மாற்றாகக் கப்பல் பயணத்தையே பயிற்சியாக்கலாம். போர்ட் பிளேருக்குக் கப்பல் எந்நாளில் புறப்படும், பயணக் கட்டணம் எவ்வளவு, கடல் கொந்தளித்தால் என்ன செய்தி காட்டுவது, இணைப்பு அறுந்தால் கடைசித் தகவலை எங்கே சேமிப்பது ஆகியவற்றை அதில் எழுதிப் பார்க்கலாம். உள்ளீடு, கணக்கு, நிபந்தனை, சேமிப்பு அனைத்தும் இதில் அடங்கும்.

கருவித் தடையும் உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமுள்ள கணினி தேவை. எளிய கணினியே உள்ளவருக்கு, 2010இல் கூகுளில் தொடங்கிப் பின்னர் எம்ஐடிக்கு மாறிய ஆப் இன்வென்டர் நல்ல தொடக்கம். அதில் கட்டங்களைப் பொருத்தியே செயலி அமைக்கலாம். விளக்க மொழிக்கும் முன்மாதிரி உண்டு. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், ஏறத்தாழ பத்து நிமிடக் காணொளிகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. கேட்டு, நிறுத்தி, செய்து பார்க்கும் முறையில் அவை அமைந்துள்ளன.

எஞ்சியிருப்பது பல்கலைக்கழகங்களின் பணி. தமிழ்த்துறை, மொழியியல், கணினியியல் மாணவர்கள் மூவர் சேர்ந்து, ஒரு பருவத்தில் ஓர் அலகையேனும் புதிய எடுத்துக்காட்டுகளோடு தமிழில் எழுதி, அதை முதுகலைத் திட்டப்பணியாக அளிக்கலாம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் டிப்ஸ் கணக்கே தமிழில் வரும். எத்தனை பேர் சான்றிதழ் பெற்றனர் என்று எண்ணுவதோடு, எத்தனை பேர் தம் ஊருக்கான இரண்டாவது செயலியைத் தாமே எழுதினர் என்பதையும் துறைகள் கேட்கத் தொடங்க வேண்டும்.