எஸ்தருக்கு ஏன் இரண்டு பெயர்?

"எஸ்தர்னா என்ன அர்த்தம்க்கா?" மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி எங்களிடம் கேட்டாள். அவள் பெயரே எஸ்தர்தான், ஆனால் வீட்டிலும் ஆலயத்திலும் மட்டும். பள்ளிப் பதிவேட்டிலும் சாதிச் சான்றிதழிலும் வேறொரு பெயர். அந்தப் பெயரையோ ஊரையோ இங்கே எழுத முடியாது. ஏன் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

பெயர்ப் புத்தகங்கள் 'நட்சத்திரம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். பாரசீகச் சொல் என்பார்கள். பாபிலோனியத் தெய்வமான இஷ்தாரின் பெயர் என்பாரும் உண்டு. யூத ரபிகளோ, மறைத்தல் என்ற எபிரெயச் சொல்லின் ஓசை இதற்குள் கேட்கிறது என்றார்கள். எங்களுக்குப் பிடித்தது அதுதான். எஸ்தரின் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. கடவுளும் மறைந்திருக்கிறார், பெண்ணும் மறைந்திருக்கிறாள்.

அவளுக்கும் இரண்டு பெயர். தமிழ் வேதாகமத்தில் இன்னொரு பெயர் அத்சாள். மிருதுச்செடி என்று பொருள். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்த மொர்தெகாய், அரண்மனைக்கு அனுப்பும்போது உன் சனம் எது என்று யாரிடமும் சொல்லாதே என்கிறார். இதை வேதம் படித்துத்தானா நாம் தெரிந்துகொள்ள வேண்டும்? நகரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று அப்பா சொன்னது வேறென்ன?

ஆனால் நம் எஸ்தர் மறைக்க வேண்டியது சாதியை மட்டுமல்ல. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. இந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஒன்றும் அசையவில்லை. தமிழ்நாட்டில் நாம் 'கிறிஸ்தவ ஆதிதிராவிடர்', பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அடி விழுந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுக்காது. அடிப்பவன் மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு பெயர் வைத்திருப்பவர்களை மோசடிக்காரர்கள் என்பது எளிது. இரண்டு பெயர் வைக்கும்படி நெருக்கியது யார் என்று கேட்பதுதான் கடினம்.

சபையாவது அந்தப் பெயரை முழுதாக ஏற்றதா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பியவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே.

எஸ்தர் கடைசியில் வாய் திறக்கிறாள். யூதர்களை அழிக்க ஆமான் கட்டளை வாங்கிவிட்டான். அரண்மனைக்குள் இருப்பதால் நீ மட்டும் தப்புவாய் என்று நினைக்காதே என்று மொர்தெகாய் ஆளனுப்புகிறார். மூன்று நாள் உபவாசம் இருந்து, அழைப்பில்லாமல் போனால் மரணம் என்று தெரிந்தும் ராஜாவிடம் போகிறாள். பின்பு விருந்தில், சாகப்போவது என் சனம் என்கிறாள். அந்தப் பெயரின் ஆன்மிகம் நட்சத்திரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். (கூப்பிட்டும் வரமாட்டேன் என்ற வஸ்தியின் பெயரை ஏன் யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை என்பது தனிக் கட்டுரை.)

அதற்காக அந்த மாணவியிடம், நீயும் போய்ச் சொல் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. எஸ்தருக்கு நீட்டப்பட்ட பொற்செங்கோல் தாலுகா அலுவலகத்தில் கிடையாது. சான்றிதழ் ரத்தானால் அவளுடைய படிப்பும் வேலையும் போகும்; எங்களுடையது போகாது. வாய் திறக்க வேண்டியது முதலில் சங்கங்களும் சபைகளும் நாமும்தான்.

கதையைக் கேட்டு முடித்தவள், "அப்போ அத்சாள்னு அவளை அப்புறம் யாருமே கூப்பிடலையாக்கா?" என்றாள்.

தேடிப் பார்த்தோம். இரண்டாம் அதிகாரத்தில் ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு இல்லை.