காட்டுப் பல்லிக்கு முதல் மருந்து நிம்மதி

மடகாஸ்கரின் கிழக்குப் பக்கத்து மழைக்காடுகளில் ஒரு பல்லி இருக்கிறது. வால் அப்படியே காய்ந்த இலை மாதிரி... பூச்சி அரித்த ஓரம் முதல்கொண்டு! 'சட்டானிக் லீஃப் டெயில்டு கெக்கோ' என்று பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பவர்கள் உண்டு. 2004-ல் இலைவால் கெக்கோ இனங்கள் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது தடை இல்லை, அனுமதிச் சீட்டோடு வியாபாரம் செய்யலாம் என்ற கட்டுப்பாடுதான். அதனால் காட்டில் பிடித்தவையும் சந்தைக்கு வருகின்றன.

இப்படி ஒன்றை வாங்கியவர் முதலில் என்ன செய்கிறார்? "காட்டு மிருகம், வயிறு முழுக்கப் புழு இருக்கும்" என்று மறுநாளே புழு மருந்து கொடுக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசை தப்பு.

காட்டிலும் அதே புழு வயிற்றில் இருந்தது, கெக்கோவும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எப்படிக் கொல்கிறது? இரண்டு காரணம். ஒன்று, பிடிபட்டு, பையில் அடைபட்டு, பட்டினியோடு விமானம் ஏறி வரும்போது உடம்பில் அழுத்த ஹார்மோன்கள் ஏறி எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது. இரண்டு, காட்டில் எச்சம் எங்கோ விழும், பல்லி எங்கோ போகும். பெட்டியில் அது தன் எச்சத்தின் மேலேயே நடக்கிறது. ஊசிப்புழு, காக்சிடியா போன்றவற்றுக்கு நடுவில் வேறு பிராணி எதுவும் தேவையில்லை. வெளியே வந்தது திரும்ப வாய்க்குள் போனால் போதும், பெருகிவிடும்.

ஆக, புழுவும் அழுத்தமும் தனித்தனிக் கணக்கு இல்லை. ஒரே கணக்கின் பற்று, வரவு மாதிரி!

கண் குழி விழுந்து, இடுப்பெலும்பு தெரிகிற பல்லிக்கு உடனே மருந்து கொடுத்தால் புழுவுக்கு முன்னால் பல்லி போய்விடலாம். முதலில் தண்ணீர். இது இலையில் நிற்கும் துளிகளை நக்கிக் குடிக்கும் ஜாதி, கிண்ணத்தை நம்பக்கூடாது. விளக்கணைத்த பிறகு நன்றாகத் தெளிக்க வேண்டும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஒளிந்துகொள்ள இலையும் குச்சியும், தரைக்கு மண்ணுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர், தினமும் மாற்ற வேண்டும். கையில் எடுக்கவே கூடாது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதும் வேண்டாம். ஒரு பெட்டிக்கு ஒன்று. பழைய பல்லிகள் இருந்தால் வேறு அறை, வேறு இடுக்கி.

ஓரளவு தேறியதும் புது எச்சத்தை ஊர்வனவற்றைப் பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். உருளைப்புழுவுக்கு ஃபென்பென்டசோல், கசையுயிரிகளுக்கு மெட்ரோனிடசோல் என்று ஆளுக்கொரு மருந்து. அளவு உடல் எடையைப் பொறுத்தது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். ஒரு பிராணிக்குச் சரியானது இன்னொன்றுக்கு விஷம் ஆகலாம். பல பிராணிகளுக்குக் கொடுக்கிற ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும்! கிரிப்டோஸ்போரிடியம் என்றால் நம்பகமான மருந்தே இல்லை. ஒருமுறை சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதும் நற்சான்றிதழ் இல்லை, முட்டைகள் தினமும் வெளிவருவதில்லை. அதனால்தான் 60 முதல் 90 நாள் தனிமை, திரும்பத் திரும்பச் சோதனை, வாராவாரம் எடை.

இப்போது கணக்கைப் பாருங்கள். காட்டில் பிடித்தது விலை குறைவு என்றுதான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் வாங்கிய விலை வேறு, அடக்க விலை வேறு. மருத்துவர், சோதனை, தனிப் பெட்டி, மூன்று மாத உழைப்பு, நடுவில் செத்துப்போகும் வாய்ப்பு... எல்லாம் சேர்த்தால் பண்ணையில் பிறந்த குட்டியே மலிவு. இதில் காடு கொடுத்த விலை எந்த பில்லிலும் வராது.

மூன்று மாதம் தொடாமல், காட்டாமல் பொறுத்திருக்க முடியாதவர் காட்டுக் கெக்கோ வாங்கவே வேண்டாம். முடிந்தவர்களும் பண்ணைக் குட்டி கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.