கண் எட்டும் தூரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் ஒரு பஞ்சாயத்து. வாதி, என் தங்கை மகள். பிரதிவாதி, அவளுடைய மாமியார். வழக்குக்குக் காரணமான ஆசாமிக்கு வயது ஐந்தரை மாதம். அவர் இந்த ரகளையைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல், தம் கால் கட்டைவிரலை வாயில் வைத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பெண்ணுக்குக் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை. பிரசவ விடுமுறை முடிந்து, மறு திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போகவேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார். மருமகளோ இரண்டு சாமான்களை வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்று, சாய்ந்து ஆடும் சின்ன நாற்காலி. பவுன்சர் என்று பெயராம். மற்றொன்று, வாசல் நிலையில் ஸ்பிரிங் மாட்டிப் பிள்ளையைத் தொங்கவிட்டுக் குதிக்கச் செய்கிற ஜம்பர். போதாததற்கு, அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைக்கு உதவிய சக்கர வாக்கரையும் கொடுத்தனுப்பிவிட்டார்கள். மாமியார் வந்த அன்றைக்கே கூரைக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டிப் பழைய புடவையில் தூளி கட்டிவிட்டார். ஒன்றரை அறை வீட்டில் மனிதர்கள் நடக்க இடமில்லை!

"பெரியம்மா, நீங்களே சொல்லுங்கள். முழங்கால் வலியோடு இவர்களால் நாள் முழுக்க இவனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? இவர்களுக்காகத்தானே வாங்கினேன்!" என்றாள் பெண்.

"என் நாலு பிள்ளைகளும் தூளியிலேதான் வளர்ந்தார்கள், சம்பந்தியம்மா. யாருக்காவது கை கால் கோணலாக இருக்கிறதா, பாருங்கள்! காசைக் கொட்டி இந்தக் கம்பிக் கூண்டெல்லாம் எதற்கு?" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி.

காப்பி வந்தது, வழக்கு வளர்ந்தது. சற்று நேரத்தில் ஆசாமியின் சத்தத்தைக் காணோம். பவுன்சரில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

"பார்த்தீர்களா, எவ்வளவு சுகமாகத் தூங்குகிறான்!" என்றாள் பெண்.

நான் பார்த்தது வேறு. தலை முன்னால் சரிந்து, மோவாய் மார்பில் புதைந்திருந்தது. மூச்சில் லேசான கரகரப்பு. வாரை அவிழ்த்துத் தூக்கி, தரையில் ஜமுக்காளத்தின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். கரகரப்பு நின்றது.

சிசுவுக்குத் தலை கனம்; கழுத்துக்கோ பலம் போதாது. சாய்ந்த ஆசனத்தில் தூங்கும்போது தலை முன்னால் தொங்கினால், மெல்லிய ரப்பர்க் குழாய் மடங்குவது போல மூச்சுப் பாதை குறுகிவிடும். அது அழுது ஊரைக் கூட்டாது. சத்தமில்லாமலே விபரீதம் நடந்துவிடக்கூடும். அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி, சாய்வாகத் தூங்கவைக்கும் தொட்டில்களை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. ஒன்றல்ல, இரண்டல்ல, 47 லட்சம் தொட்டில்கள்! அதற்குள் 30-க்கும் மேற்பட்ட சிசுக்கள் அவற்றில் இறந்திருந்தன. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கும் தொட்டில்களை விற்கவே கூடாது என்று 2022-ல் அந்நாட்டில் சட்டம் வந்தது. பவுன்சரின் சாய்வு அதைவிட அதிகம். ஆகையால், அது விழித்திருக்கும் பிள்ளைக்கான நாற்காலி. கண் சொருகியதும் பிள்ளையை எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும்.

"தரையில் வைத்தால் எறும்பு வருகிறது என்று மேஜைமேல் வைக்கிறேன், பெரியம்மா" என்றாள் பெண்.

கூடவே கூடாது! பிள்ளை உதைக்க உதைக்க நாற்காலி அங்குலம் அங்குலமாக நகரும். மேஜையின் விளிம்பு எங்கே என்று அதற்குத் தெரியுமா? தரைதான் அதற்கு இடம். வாரை எப்போதும் மாட்டவேண்டும். பிள்ளை தானாக எழுந்து உட்கார ஆரம்பித்ததும் நாற்காலிக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

மாமியாரின் முகத்தில் வெற்றிப் புன்னகை. "அந்தக் குதிக்கிற யந்திரத்தையும் சொல்லுங்கள்" என்றார்.

அதற்கு ஒரு கதை சொன்னேன். வட அமெரிக்காவின் ஆதிகுடிகளில் ஓஜிப்வே என்று ஓர் இனம். அந்த இனத்துத் தாய்மார்கள் வேலை செய்யும்போது பிள்ளையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அவ்வப்போது இழுத்து ஆட்டுவார்களாம். அதைப் பார்த்து வளர்ந்தவர் சூசன் ஒலிவியா பூல் என்ற பெண்மணி. 1910-ல் தம் முதல் குழந்தைக்காகக் கோடரிக் காம்பையும் துணியையும் ஸ்பிரிங்கையும் வைத்து ஒரு குதியாட்டத் தூளி செய்தார். பிற்பாடு கனடாவில் குடியேறி, 1957-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். இன்றைக்கு உலகமெங்கும் விற்கும் ஜம்பர்களில் புகழ்பெற்ற ஒன்றின் பூர்வோத்தரம் இதுதான்.

"அட, இது நம் கதையல்லவா!" என்று மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடவு நாளிலே ஏரிக்கரைப் புளியமரத்திலேதான் தூளி கட்டுவோம். நாற்றை நட்டுவிட்டு நிமிர்ந்தால் பிள்ளை தெரியும். ஓர் அழுகை கேட்டால் கரை ஏறிவிடுவோம்."

அவர் தம்மை அறியாமலே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஜம்பரும் தூளியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் வேலை செய்யும் தாய்க்காகப் பிறந்தவை. அந்தத் தாய் கண் எட்டும் தூரத்தில், கூப்பிட்டால் ஓடிவரும் தூரத்தில் இருந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய் கார் ஆலை கால் ஊன்றியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைக்குமேல் ஆலை வந்தது. நடவுக்குப் போன மாமியாரின் மருமகள் இன்று ஷிப்டுக்குப் போகிறாள். பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் இப்போது மைல் கணக்கில் தூரம். மற்றதெல்லாம் மாறியபிறகு, தூளி மட்டும் பழையபடி பத்திரமாக இருக்கும் என்று நம்பினால் எப்படி?

ஜம்பருக்கு வருகிறேன். தலை ஆடாமல் நிற்கும் அளவுக்குக் கழுத்து தேறிய பிறகுதான் அதில் பிள்ளையை வைக்கலாம். அப்போதும் ஒரு தடவைக்கு 10 அல்லது 15 நிமிஷம் போதும். பிள்ளை அதில் நுனிக்காலால் எம்பி எம்பிக் குதிக்கிறது. இடுப்பின் பாரம் தொடை நடுவில் உள்ள குறுகிய துணியில் தொங்குகிறது. மணிக்கணக்கில் விட்டால் வளரும் இடுப்பு மூட்டுக்கும் காலுக்கும் நல்லதல்ல. வாசல் நிலையில் மாட்டும் பிடி நழுவினாலோ, பக்கவாட்டில் ஆடி நிலையில் மோதினாலோ காயம் பிள்ளைக்குத்தான்.

"அப்படியானால் தூளி?" என்றாள் பெண், பழி வாங்கும் குரலில்.

தூளிக்கும் சலுகை கிடையாது. ஒரகடத்தில் மோட்டார் வாகனங்களை மோதிப் பார்க்கும் அரசாங்கப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. திட்டப்படி காருக்கு நட்சத்திரம் வழங்குவதற்குமுன், 18 மாதப் பிள்ளை அளவிலும் 3 வயதுப் பிள்ளை அளவிலும் பொம்மைகளை உள்ளே உட்கார வைத்து மோதிப் பார்க்கிறார்கள். பொம்மைப் பிள்ளைக்கு இத்தனை சோதனை! உயிருள்ள பிள்ளையைத் தாங்கும் தூளி ஸ்பிரிங்கை நாம் கடையில் விலை கேட்டதோடு சரி.

இங்கேதான் மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நான் கையால் இழுத்துப் பார்த்தேனே!" என்றார். நான் எழுந்து கொக்கியைக் காட்டினேன். துருப் பிடித்திருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

கொக்கியையும் ஸ்பிரிங்கையும் வாரம் ஒரு தடவை சோதிக்கவேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் தாங்கும்படி கூடவே ஒரு தனிக் கயிறு கட்டவேண்டும். தூளி தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குமேல் போகக்கூடாது. கீழே மெத்தை இருக்கவேண்டும். துணி மூடிக்கொள்ளாமல் மேலே குறுக்குக் கட்டை வைத்து விரிக்கவேண்டும். தூளிக்குள்ளும் பிள்ளை வளைந்து படுத்தால் மோவாய் மார்பில் இடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. பிள்ளை குப்புறத் திரும்பக் கற்றுவிட்டால் தூளியில் தூங்க விடவேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: வெறும் தூளியைத் தொங்கவிடாதீர்கள். வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடும்போது புடவை கழுத்தை இறுக்கி உயிர் போன செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! பிள்ளையை எடுத்ததும் தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.

வாக்கரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வீடு இரண்டாம் மாடி. கதவைத் திறந்தால் படிக்கட்டு. வாக்கரில் உட்கார்ந்த பிள்ளை ஒரு விநாடியில் 3 அடிக்குமேல் பாய்ந்துவிடும். பக்கத்திலே நிற்கிறவர்களாலும் பிடிக்கமுடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 2,30,000-க்கும் அதிகமான சிசுக்கள் வாக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்று 2018-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நாலில் மூன்று பேர் படிக்கட்டில் உருண்டவர்கள். கனடா 2004-ல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. பழைய வாக்கரை விற்றாலும் அங்கே குற்றம்! சரி, நடையாவது சீக்கிரம் வருகிறதா? அதுவும் இல்லை, சற்றுத் தாமதம்கூட ஆகலாம்.

நம்முடைய மர நடைவண்டி வேறு ஜாதி. தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைத் தள்ள முடியும். விழுந்தாலும் தன் உயரத்திலிருந்துதான் விழும். மூன்று சக்கரச் சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டியதைப் பட்டினப்பாலையே சொல்லுகிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் குழந்தை வளர்ச்சியைக் கூர்ந்து கவனித்தவர்கள். கையும் முழங்காலும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை 5-ஆம் மாதம். உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி 9-ஆம் மாதம். தளர் நடை நடந்து வரும் வாரானை 13-ஆம் மாதம். எல்லாம் தரையில் நடக்கும் காரியங்கள். குதிக்கும் பருவம் என்று ஒன்றை அவர்கள் வைக்கவில்லை! கழுத்தும் முதுகும் கையும் காலும் பலப்படுவதற்குச் சுத்தமான தரையும் ஒரு பாயும் போதும். முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கும் அதுவே சௌகரியம். பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

"வீட்டில் காமிரா வைத்துவிட்டால்? போனில் பார்த்துக்கொள்ளலாமே!" என்றாள் பெண், கடைசி முயற்சியாக.

"பார்க்கலாம், அம்மா. மோவாய் மார்பில் சரிவது தெரியும். நிமிர்த்திவிட உன் கை எட்டுமா?"

பெண் மௌனமானாள். கண் கலங்கியிருந்தது. திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவள் சாமான் வாங்கியது சோம்பலால் அல்ல. தான் இல்லாத எட்டு மணி நேரத்தை எதைக்கொண்டாவது நிரப்பிவிட வேண்டும் என்ற தவிப்பினால்தான்.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். 2017-ல் திருத்திய சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுமுறை தந்தது. அதோடு நிற்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் சொன்னது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் அப்படியே இருக்கின்றன. ஏரிக்கரைப் புளியமரத்துக்கு இந்தக் காலத்தில் பெயர் அதுதான்.

பஞ்சாயத்து முடிந்தது. வாக்கர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஜம்பர் பெட்டிக்குள் போயிற்று. பவுன்சருக்குத் தரையில் இடம். பிள்ளை விழித்திருக்கும்போது, பாட்டி எதிரில் இருக்கும்போது மட்டும். தூளிக்குப் புதுக் கொக்கி வாங்க மாப்பிள்ளை உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை இரவு பெண் போன் செய்தாள். ஆலை அலுவலகத்தில் காப்பகத்தைப் பற்றிக் கேட்டாளாம். "இதுவரை யாரும் கேட்கவில்லையே, அம்மா!" என்றாராம் அங்கிருந்தவர். மறுநாள் அவளோடு இன்னும் மூன்று தாய்மார்கள் சேர்ந்து போய்க் கேட்கப்போகிறார்களாம்.

நீங்களும் கேட்டுத்தான் பாருங்களேன்!