சூல்கொண்ட மகளிரும் மருத்துவ ஆராய்ச்சியும்

மகப்பேற்றினை நம் நாட்டார் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று வழங்குவர். பிறப்பது குழவியேயாயினும், பிழைத்து எழுந்தவள் தாய் என்பது அவ்வழக்கின் பொருள். வாயும் வயிறுமாய் இருப்பவளைத் துன்பம் யாதும் அணுகாவாறு காத்தல் வேண்டும் என்பது எந்நாட்டவரும் ஒப்புக்கொண்ட அறம். ஆயினும், காத்தல் என்னும் பெயராலேயே அவளுக்குக் கேடு சூழும் வழக்கம் ஒன்று மருத்துவ உலகில் வேரூன்றியிருக்கின்றது. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளில் சூல்கொண்ட மகளிரைச் சேர்த்தலாகாது என்பதே அவ்வழக்கம். அது மாறுதல் வேண்டும் என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பேன்.

இவ்வழக்கம் காரணமின்றித் தோன்றியதன்று. 1957-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. உறக்கம் தருவதற்கென வந்த அம்மருந்து, மசக்கையின் குமட்டலைத் தணிப்பதற்கும் பயன்பட்டது. தீங்கற்றது என்று பெரிதும் விளம்பரம் செய்யப்பட்டமையால், நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது பரவிற்று. சில ஆண்டுகளில் கைகால்கள் குறைவுபட்ட குழவிகள் பிறக்கத் தொடங்கின. 1961-ஆம் ஆண்டின் இறுதியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் விதுகிந்த் லென்ஸ் என்பாரும், ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மக்பிரைடு என்பாரும் அம்மருந்தின்மேல் தனித்தனியே ஐயம் எழுப்பினர். மருந்து கடைகளினின்று மீட்கப்பட்டது. அதற்குள் 10,000-க்கு மேற்பட்ட குழவிகள் ஊறுபட்டுப் பிறந்துவிட்டன.

இக்கொடுமையைக் கண்ட உலகம் நடுங்கிற்று. நடுங்கியதில் வியப்பில்லை. ஆனால், அதனின்று கற்ற பாடந்தான் பிழையாயிற்று. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையார், கருவுறும் பருவத்துப் பெண்களையே மருந்துச் சோதனைகளின் முதற்படிகளினின்று விலக்குமாறு நெறி வகுத்தனர். அந்நெறி 1993-இல் கைவிடப்பட்டதாயினும், சூல்கொண்டவரை விலக்கும் வழக்கம் பல நாடுகளிலும் நிலைத்துவிட்டது.

தாலிடோமைடு வரலாற்றைச் சிறிது நுணுகி நோக்குவோம். அம்மருந்தால் ஊறுபட்ட தாய்மாருள் ஆராய்ச்சியில் சேர்ந்தமையால் கெட்டவர் எத்துணையர்? மிகப் பெரும்பாலார் மருத்துவரின் சொல்லையும் கடைக்காரரின் சொல்லையும் நம்பி வாங்கி உண்டவர்களே. கருவிலுள்ள குழவியை அம்மருந்து யாது செய்யும் என்பதை முன்னரே எவரும் முறையாக ஆராயவில்லை. அமெரிக்காவில் அதனை விற்க இசைவு வேண்டியபோது, உணவு மருந்துத் துறையைச் சார்ந்த பிரான்செஸ் கெல்சி என்னும் அம்மையார் போதிய சான்று இல்லையென்று மறுத்தார். கருவுற்றோர்க்கு அது தீங்கற்றது என்பதற்குச் சான்று யாது என்றும் வினவினார். அவ்வொரு வினாவிற்கு விடையின்மையால் அந்நாட்டுக் குழவிகள் பல காக்கப்பட்டன. ஆகவே, தாலிடோமைடு நமக்கு உணர்த்துவது ஆராய்ச்சியின் தீமையையன்று. ஆராயாமையின் தீமையையே என்பது வெள்ளிடை மலை.

இன்னுமொரு சான்று கூறுவேன். 1938-இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தினை ஆக்கினர். கருச்சிதைவைத் தடுக்கும் என்று கருதிப் பின்னர் அதனைச் சூல்கொண்டோர்க்கு மருத்துவர் கொடுத்து வந்தனர். 1953-இல் சிக்காகோ நகரில் ஏறத்தாழ 1,600 மகளிரை இரு பகுதியாக்கி நடத்திய ஆராய்ச்சி, அம்மருந்தால் பயன் யாதுமில்லை என்று காட்டிற்று. எனினும் அதனைக் கொடுப்பது நிற்கவில்லை. 1971-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவர் துணைவரும், இளம்பெண்களுக்கு வருதல் மிக அரிதாகிய புற்றுநோயொன்று எண்மருக்கு வந்தமையை ஆய்ந்தனர். அவ்வெண்மருள் எழுவரின் தாய்மார் சூல்கொண்டிருந்த காலத்தில் அம்மருந்தை உண்டவர்கள். பயனற்றது என்று கண்ட பின்னரும் பதினெட்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்ட மருந்து அது. ஆராய்ச்சியின் சொல்லுக்குச் செவிசாய்த்திருப்பின் எத்துணைப் பெண்கள் தப்பியிருப்பர்!

நிற்க. ஆராய்ச்சியால் விளைந்த நன்மைகளையும் காண்போம். குறைமாதக் குழவியின் நுரையீரல் முதிராமையால் அது மூச்சுவிட மாட்டாது இறத்தல் உண்டு. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து நகரில் கிரகாம் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர் ஆடுகளைக்கொண்டு ஆராய்ச்சி செய்துவந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற ஆட்டுக்குட்டியொன்று, பிழைக்கவியலாத அளவு முன்னதாகப் பிறந்தும் மூச்சுவிடக் கண்டார். அதனைத் தொடர்ந்து அவரும் ராஸ் ஹவி என்னும் குழந்தை மருத்துவரும் 282 தாய்மாரைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிபு 1972-இல் வெளிவந்தது. எதிர்பாராது குறைமாதத்தில் வலிகண்ட தாய்மாருள், மருந்து பெற்றவர்களின் குழவிகள் முதல் வாரத்தில் இறந்தது நூற்றுக்கு 3 அளவு. பெறாதவர்களின் குழவிகள் இறந்தது நூற்றுக்கு 15 அளவு. அக்குழவிகள் வளர்ந்து முப்பது வயதடைந்த பின்னும் அவர்தம் உடல்நலத்தை ஆராய்ந்தனர். இன்று அம்முறை உலகெங்கும் வழங்குகின்றது. அன்று அத்தாய்மார் ஆராய்ச்சியில் சேர்க்கப்படாதிருப்பின் இவ்வறிவு நமக்குக் கிட்டியிராது.

ஆராய்ச்சி தாழ்த்தமையால் நேர்ந்த இழப்பிற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜப்பான் நாட்டு உட்டாகோ ஒகமோட்டோ என்னும் அம்மையாரும் அவர் கணவரும் குருதிப்பெருக்கைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தினை 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தனர். மகப்பேற்றின்பின் பெருகும் உதிரப்போக்கால் தாய்மார் இறத்தலைத் தடுக்க இது பயன்படும் என்று அவர் எண்ணினார். ஆனால் அதனைச் சோதித்துப் பார்க்கத் தம் ஊர் மருத்துவர்களை இசைவிக்க அவரால் இயலவில்லை. 21 நாடுகளில் 20,060 பெண்களைச் சேர்த்து நடந்த பெருஞ்சோதனையின் முடிபு 2017-இல்தான் வெளிவந்தது. பேறு முடிந்து மூன்று மணி நேரத்திற்குள் அம்மருந்தைக் கொடுத்தால் உதிரப்போக்கால் இறப்போர் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அது காட்டிற்று. அம்மையாரோ 2016-லேயே தம் 98-ஆம் வயதில் மறைந்தார். இடையில் கழிந்த அரை நூற்றாண்டில் மடிந்த தாய்மாரை எண்ணுங்கால் நெஞ்சு நைகின்றது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் நினைவுகூரத்தக்கது. கொரோனாப் பெருநோய்க்கான தடுப்பூசிகளை 2020-இல் சோதித்தபோது சூல்கொண்டவர்கள் விலக்கப்பட்டனர். ஆகவே, 2021 ஜனவரியில் இந்தியாவில் ஊசியிடத் தொடங்கியபோது அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. ஜூலை மாதத்திலேயே இசைவு பிறந்தது. இடையில் வந்த ஏப்ரல், மே மாதங்களின் கொடுமையை நாம் மறந்திலோம். கருவுற்றோர்க்கு அந்நோய் பிறரினும் கடுமையாக வரும் என்பதும், தடுப்பூசி அவர்க்கு நன்மையே பயக்கும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. காப்பதற்கென அடைத்த கதவு அவர்களைக் காவலின்றி வெளியில் நிறுத்திவிட்டது.

இனி, இதற்கு மாறாகக் கூறுவாரும் உளர். தாய் தன் உயிரைக்குறித்து இசைவு தரலாம். வயிற்றிலுள்ள குழவி இசைவு தருமோ என்பர். தக்க வினாவே. ஆயினும் கருவுற்றோர்க்கும் காக்கை வலிப்பு, ஈளை, நீரிழிவு, குருதி அழுத்தம் முதலியன வருகின்றன. மருந்துண்ணாது அவர்கள் இருத்தல் இயலாது. போதிய சான்றில்லாத மருந்தினை மருத்துவர் ஒருவர் துணிந்து கொடுக்கின்றார்; மற்றொருவர் அஞ்சி மறுக்கின்றார். இரண்டிடத்தும் இடர்ப்படுவது குழவியே. அதனிடம் அப்போது இசைவு கேட்டவர் எவர்? ஆராய்ச்சியை விலக்கினோம் என்று நாம் மகிழ்கின்றோம். அதுவோ கணக்கெழுதாத ஆராய்ச்சியாக வீடுதோறும் நடந்துகொண்டிருக்கின்றது. சிலரை விழிப்புடன் பார்த்துக் கற்கவேண்டியதைப் பல்லாயிரவர் பாராமுகமாகத் துன்புற்றும் நாம் கற்றிலோம்.

எனினும் ஆராய்ச்சி என்னும் பெயரால் எதனையும் செய்யலாம் என்று யான் கூறவில்லை. மேற்கூறிய சிக்காகோ ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்ட பெண்கள் பலருக்குத் தாம் உண்ணும் மாத்திரை இன்னதென்று அறிவிக்கப்படவில்லை. பின்னாளில் அவருட் சிலர் நீதிமன்றத்தை நாடினர். முடிபு உண்மையேயாயினும் வழி அறமன்று. முதலில் விலங்குகளிடத்துச் சோதித்தல், ஆராய்வோரைச் சாராத அறிஞர் குழு இடையிடையே கணக்கை நோக்குதல், பிறந்த குழவியைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பேணுதல், ஊறு நேரின் ஈடு கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் வேண்டும். இவற்றிற்கெல்லாம் முதலாவது, தாய் உள்ளபடி உணர்ந்து தரும் இசைவு.

ஈண்டுத்தான் தமிழ் மாணவராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. ஆராய்ச்சியிற் சேர்பவர்க்குப் புரியும் மொழியில் செய்திகளை அறிவித்து ஒப்புதல் பெறுதல் வேண்டும் என்பது இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு விதி. ஒரு சிற்றூர்ப் பெண், தன் வயிற்றைத் தடவிக்கொண்டே, அத்தாளைப் பிறர் படிக்கக் கேட்கின்றாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தினின்று சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரடுமுரடான தமிழ் அவளுக்கு என்ன உணர்த்தும்? அவள் தலையசைத்தல் இசைவாகுமோ? இடர் இஃது, பயன் இஃது, வேண்டாமெனின் இப்பொழுதே விலகலாம் என்று அவள் மாமியாரும் அறியும் தமிழில் எழுதித்தருதல் இலக்கியம் கற்றவர்க்கு இழிவான தொழிலன்று. கற்றதன் பயனே அதுவாகும். மருத்துவக் கல்லூரி புகும் நம் அறிவியல் மாணவரும், தமிழ் பயில்வோரும் ஒருங்கு அமர்ந்து செய்யத்தக்க பணி இது.

2023-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் சூல்கொண்ட காலத்தும் மகப்பேற்றை ஒட்டியும் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவருட் பெரும்பாலார் தக்க மருத்துவம் கிட்டியிருப்பின் பிழைத்திருக்கக்கூடியவர். தக்கது எது என்று அறிவதற்கு ஆராய்ச்சியன்றி வேறு வழியில்லை. சூல்கொண்டவளை ஆராய்ச்சியின் வாயிலில் நிறுத்தி வைத்தல் அவளுக்குச் செய்யும் சிறப்பாகாது. அவளை உள்ளே அழைத்து, உண்மையை உரைத்து, அவள் விருப்பறிந்து, இரண்டு உயிரையும் கண்ணிமைபோல் காத்து ஆராய்தலே அறிவுடையார் செயலும் அன்புடையார் செயலும் ஆகும்.